கார் ஷெட் வரை வந்த தண்ணீர்

உலகத்திலேயே ஞாபகமறதி மிகுந்த வஸ்து தண்ணீர்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் அவர். லேக் வியூ அவென்யூ நலச்சங்கத் தலைவர். இருபது வருஷம் வராத தண்ணீருக்கு வந்த வழி மறந்துபோகும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவந்தார். அந்த நம்பிக்கையில் பழைய வாய்க்கால் தடத்தின் மேல் கார் ஷெட்டும் கட்டிவிட்டார்.

லேக் வியூவிலிருந்து பார்த்தால் குளம் தெரியும். குளத்தில் சீமைக்கருவேலம் அமோகமாக இருந்தது.

ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் குளத்துக்குப் போகும் அந்த வாய்க்காலைத் தோண்டினார்கள். தடத்தில் நின்ற தன் மாட்டுக்கொட்டகையை அவர்களில் ஒருத்தியான மாராத்தாள் தானே பிரித்துப் போட்டாள்.

அவர் போய்ப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் அம்மிணி, வராத தண்ணிக்கு வழி விட்டுட்டு, இருக்கற மாட்டை வெயில்ல நிறுத்திட்டீங்களே!"

"தண்ணி வந்தா உங்க ஷெட்டையும் எடுத்துருவீங்கல்லங்க சார்?"

"வரட்டும், பாக்கலாம்."

வந்துவிட்டது.

மலையில் விடாத மழை. காலையில் சத்தம் கேட்டு வெளியே வந்தார். பெரிய சத்தமில்லை. சருகு நகரும் சத்தம்.

வாய்க்காலில் தண்ணீரின் நுனி வந்துகொண்டிருந்தது. நுரையைச் சுமந்துகொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில். ஒரு வெடிப்புக்குள் இறங்கும். காணாமல் போகும். நிரப்பிவிட்டு மேலே வரும். அடுத்த வெடிப்பு.

முன்னால் எறும்புகள் முட்டையோடு ஓடின. கரையில் கொக்குகள் நடந்தன.

பின்னால் ஊரே நடந்தது.

முக்கில் அது தயங்கும் என்று எதிர்பார்த்தார்.

தயங்கவில்லை. வளைந்தது, வீட்டுக்குத் திரும்புகிறவர் தெருமுனையில் வளைகிற மாதிரி.

கார் ஷெட் சுவரில் வந்து நின்றது.

சுவருக்கு அந்தப்பக்கம் தோண்டிய வாய்க்கால். அதற்கப்பால் குளம். இந்தப்பக்கம் தெருச் சாக்கடை. இன்னும் ஒரு சாண் ஏறினால் வழிந்து அதில் விழுந்துவிடும்.

தண்ணீர் ஏறியது.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். சிமென்ட்டில் ஈரம் மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு வாசம் எழுந்தது. இந்த மனையை வாங்கிய நாளிலிருந்து அப்படியொரு வாசம் இங்கே வந்ததில்லை.

உள்ளே போய்க் காரை எடுத்தார். ரிவர்ஸில் வந்து ரோட்டில் நிறுத்தினார்.

"காரைக் காப்பாத்தீட்டாருப்பா," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவர் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

மாராத்தாளின் தோளில் கடப்பாரை இருந்தது.

அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.