கரைக்காவலர் தோண்டும் குழி

நைல் வெள்ளம் அகதி முகாமுக்குள் புகாமலிருக்க எழுப்பிய மண்கரையின் மேல் துவாச் மண்வெட்டியோடு நிற்கிறார். கரைக்குக் காவல் அவர்தான். எலி வளை தோண்டினால்கூட அதன் பரம்பரையையே திட்டுகிறவர்; "கரையில குழி விழுந்தா ஊரே முழுகும்" என்று போன மாதம், செத்துப்போன மாமியாரை இங்கே புதைக்க வந்த முகாம்காரி நியாகிமை விரட்டியவர். இன்று அவர் காலடியில், பாயில் சுற்றிய அவருடைய அப்பாவின் உடல். ஒரு பக்கம் வானம் வரைக்கும் பழுப்புத் தண்ணீர் வெயிலில் மினுங்குகிறது; மறுபக்கம் அந்தத் தண்ணீருக்கும் தாழ்வாகத் தார்ப்பாய்க் கூரைகள். தொலைவில் தெரியும் ஒரே உலர்ந்த மேட்டில் யாரையும் நெருங்கவிடாமல் துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க முதல் ஆளாய் வந்து நிற்கிற நியாகிம் இடுப்பில் கை வைக்கிறாள். "எங்க மாமியாரைத் தண்ணியில விட்டோமே அண்ணே, அவங்களுக்கு மட்டும் நீச்சல் தெரியுமா?" துவாச் தலை நிமிரவில்லை. "ஒரே ஒரு குழிதாம்மா. ஆழமா வெட்டமாட்டேன்." "நாங்களும் அதையேதான் சொன்னோம்." மண்வெட்டி இறங்குகிறது. மூன்றாவது வெட்டிலேயே மண் ஈரமாக வருகிறது. அதை அவரும் பார்க்கிறார், அவளும் பார்க்கிறாள். அவள் கூரைகளின் பக்கம் திரும்பிக் கூவுகிறாள்: "காவக்காரரே தோண்டுறாரு! வீட்டுல பொணத்தை வச்சிருக்கிறவங்க எல்லாம் தூக்கிட்டு வாங்க!" கீழே இரண்டு தார்ப்பாய்கள் விலகுகின்றன.