அஞ்செழுத்து

மலையில் விழுந்த காலை வெயில் செங்கம் சாலை மாடிவீட்டுப் பால்கனிக்கும் வருகிறது. பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோன தனம் டீச்சர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். கணவர் புகழேந்தி கைப்பேசியை அவள் முகத்தருகே நீட்டுகிறார். தினமும் இருவரும் சேர்ந்து ஆடிய இங்கிலீஷ் சொல் விளையாட்டு; மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடித்தால் கட்டங்கள் பச்சையாகும். "அஞ்செழுத்து, தனம். டபிள்யூ இருக்கு, டி இருக்கு. எனக்கு ஒண்ணும் தோணல." கீழே ஓர் ஆட்டோ உறுமிப் போகிறது. அவள் உதடுகள் நடுங்குகின்றன. "வா... வாட்டர்." அவர் துள்ளி எழுந்து உள்ளே ஓடுகிறார், பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்த, சொம்போடு வருகிறார். "பேசிட்டியேம்மா! இந்தா, குடி." அவள் தலையை ஆட்டி மறுக்கிறாள். கோணிய வாயோடு சிரித்து, இடதுகை விரலால் திரையின் காலிக் கட்டங்களைத் தட்டுகிறாள். அவர் ஒவ்வோர் எழுத்தாக அழுத்துகிறார். ஐந்தும் பச்சையாகின்றன. ஈரக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு ஆடலாங்களா, டீச்சர்?" என்கிறார்.