கசக்காத மருந்து

பாகற்காயின் சாரத்தை நானோ துகள்களுக்குள் அடைத்து, கசப்பே தெரியாத சீனி வருத்த (நீரிழிவு) மருந்தாக்க சுதாஜினிக்கு நாலு வருடம் பிடித்தது. ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்ததும், கிளிநொச்சி ஆய்வுகூடத்திலிருந்து முதல் போத்தலை அப்பாவுக்குத்தான் கொண்டுவந்தாள்.

ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் அப்பா வீரகத்தியாரின் முகம் கோணியது.

"இது பச்சைத் தண்ணி, பிள்ளை."

"நானோ மருந்தப்பா. கசக்காது."

"கசக்காட்டி என்னெண்டு வருத்தம் மாறும்? எனக்குக் கொம்மா வைக்கிற பாகற்காய்க் கசாயமே காணும்."

"அதை ஆறு மாதமாக் குடிக்கிறியள். சீனி ஏறிக்கொண்டெல்லோ போகுது."

"அப்ப கசப்புக் காணாது. இன்னும் ரெண்டு காய் கூடப் போடச் சொல்லு."

விஞ்ஞானத்தை நம்பாத மனிதரோடு என்ன கதை என்று சுதாஜினி போத்தலை மூடினாள்.

அதற்குள் அம்மா அன்னபாக்கியம் குசினியிலிருந்து கசாயத்தோடு வந்தார். வீரகத்தியார் அதை ஒரே மூச்சில் குடித்து முடித்து, கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார்.

"இந்தாங்கோ" என்று, வழக்கம்போலக் கசப்புப் போக நாலு துண்டு பனங்கட்டியை அந்தக் கையில் வைத்தார் அன்னபாக்கியம்.

ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வீரகத்தியார் மகளைப் பார்த்தார்.

"உன்ர மருந்துக்கு இது தருவினமோ, பிள்ளை?"