நம்பிக் குடுக்கலாமா?

டிராக்டர் கம்பெனியிலேயே கடன் தருவார்கள். வட்டிதான் கழுத்தை நெரிக்கும். அதனால்தான் அவன் பேங்கில் எழுதிப் போட்டிருந்தான். இப்போது இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

காலையில் விசாரிக்க வந்த இரண்டு பேர், அவன் வயலில் இருந்ததால், பக்கத்து வீட்டுச் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வரப்புத் தகராறில் அவனோடு பேச்சை நிறுத்தியவர் அவர்.

‘என்னத்தப் பத்த வச்சாரோ!’

போன் அடித்தது. பேங்க் மேனேஜர்.

“நிலத்தை வித்துட்டு டவுனுக்கு வேலைக்குப் போறீங்களாமே? அப்புறம் டிராக்டர் எதுக்கு? லோன் கிடையாது சார்.”

வேலியைத் தாண்டிக் குதித்தான்.

“சித்தப்பா! ஒரு வரப்புக்காக என் வயித்துல அடிச்சிட்டீங்களே!”

சித்தப்பா திகைத்துப்போனார்.

“நானா? சண்டை நமக்குள்ளடா. வெளியாள்கிட்ட உன்னை விட்டுக்கொடுப்பேனா? ‘ஆள் எப்படி, நம்பிக் குடுக்கலாமா’ன்னு கேட்டாங்க. ‘தங்கமான பையன், நிலத்தை வித்துட்டு டவுன்ல வேலைக்குப் போகப்போறான்’னு ஒரே போடா போட்டேன்.”

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“பின்னே? விவசாயம் பண்றான்னு சொன்னா எவன்டா பொண்ணு குடுப்பான்?”