கன்வே வாத்தியார் அந்தரத்தில் சிக்கியது

இதில் ஒரு சொல் பொய்யில்லை. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். முடி இல்லாத தலை, சத்தியம் நேரே மண்டையில் இறங்கும்.

கன்வே வாத்தியார் லிஃப்ட்டில் சிக்கிக்கொண்டார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நட்ட நடுவில். கையில் ஒரு குடையைத் தவிர வேறு துணையில்லை.

நல்ல மத்தியானம். குடியிருப்பில் இருந்தவர்கள் எல்லாம் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்தார்கள். தொண்டை கிழியக் கத்தினாலும் ஏனென்று கேட்க நாதியில்லை.

பயந்தாரா? வாழ்நாளெல்லாம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மனிதர். அதிலும் அவருக்கு உயிரான பாடம் ஒன்றுதான்: மனசில் இருப்பதைச் சிந்தாமல் சிதறாமல் அடுத்தவரிடம் கொண்டுசேர்க்கும் வினைச்சொற்கள். கன்வே, எக்ஸ்பிரஸ், கெட் அக்ராஸ், ஸ்பெல் அவுட். பட்டப்பெயர் மாணவர்கள் உபயம். அப்பேர்ப்பட்டவருக்கு உதவி கேட்கத் தெரியாதா?

மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தானை அழுத்தினார்.

"கண்ட்ரோல் ரூம். சொல்லுங்க சார்," என்றது ஒரு பெண்குரல், எங்கோ ஓர் அறையிலிருந்து.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். எந்தக் கட்டிடம், எந்த லிஃப்ட், எந்த மாடிகளுக்கு நடுவே, உள்ளே யார் என்று சொல்லி முடித்தார். ஒரு வார்த்தை கூடவுமில்லை, குறையவுமில்லை.

"புரிஞ்சுது சார். ஆள் அனுப்புறேன்."

அவ்வளவுதான். தீர்ந்தது.

வாத்தியாருக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை தெளிவாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாது. இவள் வைத்துவிட்டால் இன்றைக்கு இன்னொரு குரலுக்கு எங்கே போவது? வீட்டில் வாய் திறப்பது குக்கர் மட்டும்தான். ஒற்றை ஆள் சமையல் என்று அதுவும் ஒரு விசிலோடு நிறுத்திக்கொள்கிறது.

"நான் சொன்னது சரியா கன்வே ஆச்சாம்மா?"

"ஆச்சு சார்."

"ஆச்சுன்னு சட்டுனு சொல்றவங்களுக்குத்தான் ஆகியிருக்காது. என் கிளாஸ்ல எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

"அப்ப நீங்களே விளக்கமா சொல்லுங்க சார்."

இது போதாதா? பிடித்துக்கொண்டார். கன்வே என்றால் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கு வாயே வேண்டாம், முகம் போதும். ஸ்பெல் அவுட் என்றால் பிட்டுப் பிட்டு வைப்பது. எப்பேர்ப்பட்ட மந்தத்துக்கும் சந்தேகம் மிஞ்சாது. கெட் அக்ராஸ் மட்டும் பொல்லாதது. நாள் முழுக்கச் சொன்னாலும் எதிராளிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது ஒப்புக்கொள்ளும்.

இதற்கிடையில் ஒரு பூனை லிஃப்ட்டுக்குள் வந்து வாத்தியாரின் காலடியில் படுத்தது. அந்தரத்தில் தொங்குகிற பெட்டிக்குள் பூனை எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்குக் கதை கேட்கத் தெரியாது.

"சார், காலைப் பாத்து வைங்க. வாலை மிதிச்சிடப் போறீங்க," என்றாள் அந்தப் பெண்.

பூனையைப் பற்றி வாத்தியார் மூச்சுகூட விட்டிருக்கவில்லை. சொல்லாததும் போய்ச் சேருகிறதே! தன் திறமையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

அந்த உற்சாகத்தில் நாக்கு கொஞ்சம் நீண்டுவிட்டது.

"இதுல ஒண்ணும்மா. இந்த வினைச்சொல் எல்லாத்துக்கும் எதிர்ல ஒரு ஆள் வேணும். தனியா சாப்பிடலாம், தூங்கலாம், அழக்கூட அழலாம். தனியா கன்வே பண்ண முடியாது."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பூனைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வைத்துவிட்டாள் என்றே நினைத்தார்.

"அதான் நான் இருக்கேனே சார். அடுத்தது சொல்லுங்க."

சொன்னார். நடுநடுவே, மரியாதைக்காக, ஆள் எங்கே வருகிறார் என்றும் விசாரித்தார். வந்துகிட்டே இருக்கார் சார் என்று அவளும் சளைக்காமல் சொன்னாள். அந்த ஆள் எந்தக் கண்டத்திலிருந்து கிளம்பினாரோ.

சாயங்கால வெயில் லிஃப்ட்டுக்குள் நீண்டு வந்து பூனையின் முதுகில் விழுந்தது. இதையும் கேட்காதீர்கள்.

"சார், என் ஷிஃப்ட் முடியுது. லிஃப்ட் இப்ப சரியாயிடும். பத்திரமா வீட்டுக்குப் போங்க."

"சரிம்மா."

"நாளைக்கு மத்தியானமும் நான்தான் சார் இருப்பேன்," என்றாள் அவள். "ஒருவேளை மறுபடி மாட்டிக்கிட்டீங்கன்னா."

அவள் வாய் முகூர்த்தம், லிஃப்ட் அந்தக் கணமே சரியாகிவிட்டது.

அன்றைக்கு அந்த லிஃப்ட் தரைத்தளத்தைவிட்டு நகரவே இல்லை என்பதும், கதவு மூடாமலிருக்க வாத்தியார் அதன் குறுக்கே குடையை வைத்திருந்ததும், அந்தப் பெண்ணின் மேசைத் திரையில் முதலிலிருந்தே தெரிந்துகொண்டிருந்தன.