இன்னும் ஆஃப் ஆகவில்லை

கட்டுப்பாட்டு அறைப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. கூடவே அலாரமும் அலற ஆரம்பித்தது.

காமினி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

நைட்ரஜன் அறை. உள்ளே ஹாஃபிஸ் தனியாகக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தான்.

நைட்ரஜனுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை. கசிந்தால் அறையிலிருக்கும் நல்ல காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருப்பவனுக்கு மூச்சு முட்டாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

போன மாதம் இதே அலாரம் சும்மா அடித்தது. அப்போது இந்த நாற்காலியில் இருந்தவர் பயந்துபோய்த் தொழிற்சாலை முழுவதையும் நிறுத்திவிட்டார். மறுநாளே அவரைப் பேக்கிங் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். அன்றிலிருந்து புது உத்தரவு. சேஃப்டி மேனேஜரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது.

மேனேஜரும் புதுசு. சிங்கப்பூரிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காமினி அவரைப் பார்த்ததே இல்லை. கம்பெனிச் செயலியில் பெயர்கூட வராது, பதவி மட்டும்தான் வரும்.

அழைத்தாள். எடுக்கவில்லை. பதிலுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. கூட்டத்தில் இருக்கிறாராம், என்னவென்று எழுதச் சொன்னார்.

நைட்ரஜன் அறை அலாரத்தில் பிரச்சினை, உள்ளே ஒருவன் வேலை செய்கிறான் என்று அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டினாள். அழித்து அழித்து எழுத வேண்டியிருந்தது.

‘டிட் தி அலாரம் கோ ஆஃப்?’

காமினிக்குத் தெரிந்த ஆஃப் ஒன்றுதான். ஃபேன் ஆஃப். லைட் ஆஃப். மெஷின் ஆஃப். அலாரம் நின்றுவிட்டதா என்று கேட்கிறார்.

எங்கே நின்றது? காதைப் பிளந்துகொண்டிருக்கிறது.

‘நோ சார். நாட் கோ ஆஃப். அலாரம் ஸ்டில் ஆன்.’

‘குட். கேரி ஆன்.’

கேரி ஆன் என்றால் வேலையைத் தொடரு. அது அவளுக்குத் தெரியும். அலாரம் இப்படி அலறும்போது ஒரு மனிதர் எப்படி ‘குட்’ என்று எழுதுவார்?

ஒருவேளை இன்றைக்கும் சும்மாதான் அடிக்கிறதோ. படித்தவர், இதே வேலையாக இருப்பவர். தெரியாமலா சொல்வார்?

வாக்கிடாக்கியை எடுத்து ஹாஃபிஸைக் கூப்பிட்டாள்.

“ஓகேலா, காக்” என்றான். மலாயில் அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். குரலில் சிரிப்பு இருந்தது.

சிரிக்க என்ன இருக்கிறது அங்கே? நல்ல காற்று குறைந்தால் போதை ஏறின மாதிரி இருக்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

‘ஷூர் சார்?’ என்று மேனேஜரிடம் மறுபடியும் எழுதிக் கேட்டாள். உடனே பதில் வந்தது. ‘இட்ஸ் ஆன், இட் ஹேஸ்ன்ட் கான் ஆஃப். கேரி ஆன்.’

மறுபடியும் ஹாஃபிஸைக் கூப்பிட்டாள். “காக்...” என்று ஒரு சொல் இழுத்துக்கொண்டே போனது. அதற்கப்புறம் இரைச்சல் மட்டும்தான்.

ஓடிப்போய் அவனை இழுத்து வரக் கால் பரபரத்தது. போனால் அவளும் அங்கேயே விழுவாள்.

இந்த நாற்காலி அவளுக்கு இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மேனேஜர் இரண்டு தரம் எழுத்தில் சொல்லிவிட்டார்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தாள்.

வாயு நின்றது. அந்த அறையின் வெளிக்கதவு மேலே ஏறியது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மைக்கில் அவள் என்ன கத்தினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிய இருவர் உள்ளே போய், ஹாஃபிஸை அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தார்கள்.

முற்றத்து சிமெண்டுத் தரையில் கிடத்தினார்கள். அவன் உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. முகத்தில் மாஸ்க்கை வைத்து அழுத்தினார்கள்.

காமினி அவன் காலருகே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர்மலை முருகா, முருகா என்று வாய் தானாக முனகிக்கொண்டிருந்தது.

நெஞ்சு ஏறியது. இறங்கியது. பிறகு அவன் இருமினான். மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தான்.

உற்பத்திப் பிரிவு லீடர் நோர்மா, கட்டுப்பாட்டு அறையில் கிடந்த காமினியின் போனை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். செய்திகளைப் படித்தாள். மறுபடியும் மேலே தள்ளிப் படித்தாள். மலாயில் மெதுவாகச் சொன்னாள். அலாரம் ‘கோ ஆஃப்’ என்றால் நிற்பது இல்லை, அடிப்பது. அலாரம் அடித்ததா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். நீ அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ‘ஆன்’ என்று நீ எழுதியதை, அலாரம் அடிக்கத் தயாராக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

காமினி போனை வாங்கி, ‘நாட் கோ ஆஃப்’ என்று தான் எழுதியிருந்த வரியைப் பார்த்தாள்.

முன் கட்டடத்திலிருந்து ஒருவர் ஓடி வந்துகொண்டிருந்தார். கழுத்துப் பட்டை தோளுக்குப் பின்னால் பறந்தது. சேஃப்டி மேனேஜர் வருகிறார் என்று யாரோ சொன்னார்கள்.

அவள் எழுந்தாள். சாரி சார், ஐ டிட் நாட்... அதற்கடுத்த சொல் வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து மனசுக்குள் கோத்தாள். வாய் மட்டும் இன்னும் முருகா, முருகா என்றுதான் முனகிக்கொண்டிருந்தது.

அவர் ஹாஃபிஸின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவன் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். முனகல் கேட்ட பக்கம் தலையை நிமிர்த்தினார்.

“உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா, தங்கச்சி?”

“இல்லண்ணே. இவன் மட்டுந்தான்.”

தமிழில் சொல்லி முடித்த பிறகுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.