நாற்பது கிராம்

"எவனோ ஒரு படுபாவி இதை அறுத்திருக்கான். அவன் யாருன்னு எனக்கு இப்பவே தெரியணும்."

சைக்கிள் கடை மேஜைமேல் அவர் வீசியது, சீட்டைத் தாங்கும் கார்பன் குழாய். இரண்டு துண்டாக முறிந்து, நார் நாராய்க் கிளம்பியிருந்தது.

கடைக்காரப் பெண் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "பாப்பா எப்படி இருக்கா சார்?"

"இடுப்பெலும்பு போச்சு. இனி பந்தய சைக்கிள்ல ஏறவே முடியாதுங்கறார் டாக்டர். நான் அவளுக்கு அப்பன் மட்டுமில்ல, எட்டு வருஷமா கோச்சும் நான்தான். அவளையும் சைக்கிளையும் சேர்த்துத் தராசுல ஏத்தி, கிராம் கிராமா குறைச்சு வளர்த்த பிள்ளை. எல்லாத்துலயும் மண்ணு விழுந்துடுச்சு."

அவசரமாகக் கோபத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இதைவிட லேசான குழாய் கிடைக்காதுன்னு நாயா அலைஞ்சு நான் வாங்கினது. மாட்டினது நீ. பிரேமுக்குள்ள பத்து சென்டிமீட்டராவது இறங்கியிருக்கணும். நாலுகூட இல்லை. கடை நடத்துறியா, கசாப்பு நடத்துறியா?"

அவள் அடித்துண்டைத் திருப்பிக் காட்டினாள். வெட்டு கோணல்மாணலாக, பல் பல்லாக இருந்தது.

"நான் அறுத்தா இப்படியா இருக்கும்? இது இரும்பறுக்கிற ரம்பம். வீட்டுல வச்சு அறுத்தது."

"யாரு?"

"பாப்பாதான். போன வாரம் என்கிட்ட வந்து அறுத்துத் தரச் சொன்னா. உயிருக்கே ஆபத்துன்னு திருப்பி அனுப்பினேன். உங்களுக்கும் போன் பண்ணினேன். 'எடை விஷயத்துல நீ மூக்கை நுழைக்காதே'ன்னு பாதியிலயே வச்சுட்டீங்க."

"அவளுக்கு ஏது இந்தப் புத்தி? யாரோ ஏத்தி விட்டிருக்கான். அந்த ஆள் என் பொண்ணு கட்டிலுக்கு முன்னாடி வந்து நிக்கணும். பதில் சொல்லணும்" என்றார்.

"அப்படி ஒருத்தர் இருக்கார் சார். காலையில தராசு முள்ளு ஒரு கோடு ஏறினா, ராத்திரி தட்டுல ஒண்ணும் விழாதுன்னவர்."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"'சைக்கிள்ல நாப்பது கிராம் குறைஞ்சா, நான் ஒரு துண்டு பிரெட் சாப்பிட்டுக்கலாம் அக்கா'ன்னு கெஞ்சினா. போய் அவ முன்னாடி நிக்கச் சொல்லுங்க அவரை. வெறுங்கையோட வேண்டாம். வயிறு நிறைய ஏதாவது வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க. இந்த ஒரு தடவையாவது, எடை போடாம."